கண்ணில் விழும் உமியும் கண்ணைக் கெடுக்கும் கிருமியும்

சங்கங்களில் தவணை தவறிய கடன்களை ஆராயும்போது, கடன்தாரர் ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரிலும் தவறியதன் காரணத்தைக் கேட்டு எழுதுவது நமது அலுவலின் ஒரு பகுதியாகும். மழை பொய்த்தது, விலை வீழ்ந்தது, வீட்டில் கல்யாணம் நடந்தது என்னும் காரணங்களுக்கு நடுவே, "கண்ணில் அடிபட்டு வேலைக்குப் போக இயலவில்லை" என்ற காரணமும் அவ்வப்போது தலைகாட்டும். எண்ணிக்கையில் இது சிறிதுதான். ஆனால் மழை பொய்த்தவர் அடுத்த பருவத்தில் நிமிர்ந்து விடுகிறார். கண்ணில் பூ விழுந்தவர் நிமிர்வது எளிதன்று. நெசவாளர்க்கு இழை தெரியாவிட்டால் தறி நின்றது நின்றதுதான்.

ஒரு வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தின் அங்கத்தினர் ஒருவரை இவ்வகையில் சந்தித்தோம். அறுவடைக் காலத்தில் களத்தில் நெல் தூற்றும்போது வலக்கண்ணில் உமி விழுந்தது. கசக்கினார், எடுத்துவிட்டதாக எண்ணினார். மறுநாள் கண் சிவந்தது. அண்டை வீட்டுப் பெண்ணிடம் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். நான்காம் நாள் மருந்துக் கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டார். இரண்டு நாள் சிவப்புக் குறைந்ததுபோல் இருந்தது. ஒன்பதாம் நாள் மருத்துவமனைக்குச் சென்றபோது கருவிழியின் மேல் வெள்ளையாகப் புண் படர்ந்திருந்தது. புண் ஆறியது, தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண் இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே அறியும். அவர் நம்மிடம் கேட்ட கேள்வி இதுதான்: "ஐயா, அந்த நெல்லில் அப்படி என்ன விஷம் இருந்தது?"

இக்கேள்வி நியாயமானது. விடையோ பலரும் எதிர்பார்ப்பது போன்றதன்று.

கண்ணானது பாதுகாப்பற்ற உறுப்பு என்று எண்ணுதல் தவறு. கிருமிகள் நமது இமை ஓரத்திலும், மயிர்க்கால்களிலும், கண்ணின் வெண்மையைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்விலும் எந்நேரமும் வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. இமை ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும், ஈரத் துணியால் பலகையைத் துடைப்பதுபோல் கண்ணீர் அவற்றை வழித்து மூக்குப் பக்கமாகத் தள்ளிவிடுகிறது. கண்ணீரிலேயே கிருமியைக் கரைக்கும் பொருளொன்று உண்டு என்பதை 1922-இல் வெளியிட்டவர் அலெக்சாண்டர் பிளெமிங் ஆவார். பெனிசிலினைக் கண்டறிந்து புகழ்பெற்றவரும் இவரே. சோதனைக்கு வேண்டிய கண்ணீருக்காக, ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர்களின் கண்ணருகே எலுமிச்சைத் தோலைப் பிழிந்து அழவைத்துக் கண்ணீர் சேர்த்தார் என்பர். லைசோசைம் எனப்படும் இப்பொருள் தீங்கற்ற கிருமிகளை நன்கு கரைக்கிறது. கொடிய கிருமிகள் பல இதற்கு அசைவதில்லை. ஆயினும் கண்ணுக்கு வேறொரு அரண் இருக்கிறது. கருவிழியின் மேல் கண்ணாடி போன்ற படலம் ஒன்றுண்டு. அதன் மேல்தோல் கிழியாமல் இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகளால் உள்ளே நுழைய முடியாது. வெட்டை நோய்க் கிருமி போன்ற மிகச் சில மட்டுமே கிழியாத தோலையும் துளைக்க வல்லவை.

ஆகவே உமி செய்தது என்ன? அது கதவைத் திறந்துவிட்டது. உள்ளே நுழைந்தவர் யார் என்பது தனிக் கேள்வி.

இதை அறிய நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 1994-ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரை மூன்று மாத காலத்தில், கருவிழிப் புண்ணுடன் மதுரைக் கண் மருத்துவமனைக்கு வந்த 434 பேரை மருத்துவர்கள் முறையாக ஆராய்ந்து 1997-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 434 பேரில் 284 பேருக்குப் புண் வருமுன் கண்ணில் காயம் பட்டிருந்தது. அவ்வாறு காயம் பட்டவர்களில் பெரும்பாலோர் வயல் வேலை செய்பவர்கள். புண்ணிலிருந்து சுரண்டி எடுத்ததை வளர்த்துப் பார்த்ததில் 297 பேரிடம் கிருமி வளர்ந்தது. அதில் பாக்டீரியா மட்டும் 140 பேரிடம்; பூஞ்சக் காளான் மட்டும் 139 பேரிடம்; இரண்டும் கலந்து 15 பேரிடம்; அமீபா என்னும் நுண்ணுயிர் 3 பேரிடம். மதுரை மாவட்டத்தில் லட்சம் பேருக்கு ஆண்டொன்றுக்கு 113 பேர் இப்புண்ணுக்கு ஆளாகிறார்கள் என்று அக்காலத்திலேயே வேறொரு கணக்கும் எடுக்கப்பட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து மாவட்டம் ஒன்றில் இதே கணக்கு 11 தான். பத்து மடங்கு வேற்றுமை! நமது கண் அவர்கள் கண்ணைவிட மெலிந்ததன்று. நாம் கையால் அறுக்கிறோம், கையால் தூற்றுகிறோம். முள்ளுக்கும் சோகைக்கும் மாட்டு வாலுக்கும் முகத்தை நேராகக் கொடுத்து வேலை செய்கிறோம்.

இனி வியப்பான செய்திக்கு வருவோம். அந்த 140 பேரின் கண்ணிலும் பாக்டீரியா இருந்தது என்றோம். வயலில் பட்ட காயமாதலால் மண்ணில் வாழும் கிருமியே முதலிடம் பெறும் என்று யாரும் எண்ணுவர். அவ்வாறில்லை. வளர்ந்த பாக்டீரியாக்களில் நூற்றுக்கு 44 பங்கு நிமோகாக்கஸ் என்னும் கிருமியாக இருந்தது. இது மண்ணில் வாழ்வதன்று, செடியில் வாழ்வதன்று. மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும், அதிலும் சிறப்பாகக் குழந்தைகளின் மூக்கில், நோயொன்றும் செய்யாமலே குடியிருப்பது. நுரையீரல் காய்ச்சலை உண்டாக்குவதும் இதே கிருமிதான். ஆக, நெல்லில் விஷம் தேடிய நமது அங்கத்தினருக்குச் சொல்லவேண்டிய விடை, கிருமி பல வேளைகளில் நம் மூக்கிலேயே இருந்தது என்பதுதான். கசக்கிய விரல் அதைக் கொண்டு சேர்த்திருக்கலாம்.

விரலின் உதவிகூட வேண்டாத வழி ஒன்றும் உண்டு. கண்ணின் உள்மூலையில் இமை ஓரத்தில் ஊசித் துளை போன்ற சிறு துவாரம் இருப்பதைக் கண்ணாடியில் பார்க்கலாம். கண்ணீர் அதன்வழி இறங்கி, மூக்கை ஒட்டிய கண்ணீர்ப் பையில் சேர்ந்து, அங்கிருந்து குழாய் மூலம் மூக்குக்குள் வடிகிறது. அழும்போது மூக்கும் ஒழுகுவது இதனால்தான். வாய்க்கால் அடைத்துக்கொண்டால் மதகுக்கு மேலே தண்ணீர் தேங்கிப் பாசி பிடிப்பதை நமது விவசாயிகள் அறிவார்கள். இக்குழாய் அடைபட்டாலும் அதுவே நேர்கிறது. பை சீழ்ப்பையாகிவிடுகிறது, நிமோகாக்கஸ் முதலிய கிருமிகள் அதில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பெருகுகின்றன. வலி அவ்வளவாக இராது. கண்ணில் ஓயாமல் நீர் வடியும். மூக்கோரத்தில் விரலால் அழுத்தினால் உள்மூலையில் சீழ் எட்டிப் பார்க்கும். "வயதானால் கண்ணீர் வடியத்தான் செய்யும்" என்று நமது தாய்மார்கள் முந்தானையால் துடைத்துக்கொண்டே காலம் கழிக்கிறார்கள். இவ்வாறு துடைத்துக்கொண்டிருப்பவர் கண்ணில் ஒரு துரும்பு பட்டுச் சிறு கீறல் விழுந்தால் போதும். கிருமிக்குக் காத்திருக்கும் வேலையே இல்லை. கண்புரை அறுவைக்குச் செல்வோரின் கண்ணீர்க் குழாயில் மருத்துவர் முதலில் நீர் செலுத்திப் பார்ப்பதன் காரணமும் இதுவே. அடைப்பை அறுவையினால் நீக்கலாம். மூக்குக்குள் புதுவழி திறந்துவிடுகிறார்கள். நீர் வடிதல் அற்ப நோய், அதற்கா அறுவை என்று மறுப்பவர்கள் மேற்கண்ட கணக்கை ஒருமுறை படிப்பது நலம்.

மண்ணும் நீரும் குற்றமற்றவை என்று இதனால் கொள்ளலாகாது. மதுரை ஆய்வில் இரண்டாம் இடம் பெற்ற பாக்டீரியா சூடோமோனாஸ் என்பது; நூற்றுக்கு 14 பங்கு. இதன் இருப்பிடம் ஈரம். குளம், தொட்டி, குழாய் வாய், நனைந்த மண், செடியின் வேர் எங்கும் இது உண்டு. இதன் ஒரு வகைக்கு லத்தீன் மொழியில் இட்டிருக்கும் பெயர், செம்புப் பாத்திரத்தில் ஏறும் களிம்பைக் குறிப்பது. சீழ் அந்தப் பச்சை நிறத்தைப் பெறுவதால் அப்பெயர். கண்ணில் நுழையும் கிருமிகளில் இதனிலும் விரைவாக அழிப்பது அரிது. ஓரிரு நாட்களிலேயே கருவிழிப் படலத்தைக் கரைத்துவிட வல்லது. நொகார்டியா என்று இன்னொன்று, முழுக்க மண்வாசி. உலகின் பிற பகுதிகளில் இது கண்ணில் காணப்படுவது அபூர்வம்; தென்னாட்டுக் கண் மருத்துவர்களுக்கோ பழகிய விருந்தாளி. மெல்ல வளர்வது, பார்வைக்குக் காளான் புண்போலத் தோன்றி ஏமாற்றுவது.

காளானைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கட்டுரை பாக்டீரியாவைப் பற்றியதாயினும், நமது வயற்காட்டுப் புண்களில் ஏறக்குறையச் சரிபாதி காளானுடையது என்பதை மேலே கண்டோம். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து காளானைக் கொல்லாது. எது நுழைந்திருக்கிறது என்பதை மருத்துவர் புண்ணிலிருந்து சிறிது சுரண்டி, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தே சொல்ல முடியும். மருந்துக் கடைக்காரர் மேசைக்கு அப்பால் நின்று பார்த்துச் சொல்ல இயலாது. கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு என்னும் பொருள் கலந்திருக்கும். இது சிவப்பையும் வலியையும் குறைக்கும். உடலின் எதிர்ப்பையும் கூடவே குறைத்துவிடும். எதிர்ப்பு அடங்கியதும் காளான் தடையின்றிப் பரவும். இரண்டு நாள் சுகம் கண்டதாகச் சொல்லும் நோயாளிகள் பிற்பாடு கண்ணை இழப்பதன் உட்பொருள் பலவேளை இதுதான். மருத்துவர் சீட்டின்றி ஸ்டீராய்டு சொட்டு விற்பதைக் குறித்து நாம் கடுமையாகவே எண்ணுகிறோம்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றிப் பேசும்போது நமது வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கக் கூடும். பாட்டி வைத்தியம் அனைத்தும் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் தோல் கிழிந்த கண் ஒரு திறந்த புண். அதில் இலைச்சாறு பிழிந்தால், இலையின் மேல் இருந்த மண் கிருமியும் காளான் வித்தும் சாற்றோடு சேர்ந்தே விழுகின்றன. நாக்கினால் தூசியை எடுக்கும் பழக்கம் கிராமங்களில் இன்றும் உண்டு. எடுப்பவர் கைதேர்ந்தவராகவும் இருப்பார். ஆயினும் நிமோகாக்கஸ் குடியிருப்பது தொண்டையில் என்பதை மறக்கலாகாது. தாய்ப்பாலோ, அது வந்த கிண்ணமும் ஊற்றிய விரலும் எவ்வளவு சுத்தமோ அவ்வளவே சுத்தம். தூசி விழுந்தால் சுத்தமான தண்ணீரை வாரி வாரி விடுவதே போதும். போகாவிட்டால் கசக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

எவ்வளவு விரைவாகச் செல்ல வேண்டும்? இதற்கு நேபாள நாட்டின் பக்தபூர் பகுதியில் நடந்த ஆய்வொன்று விடை தருகிறது. 2001-இல் வெளியான அந்த ஆய்வில் 34,902 மக்கள் இரண்டாண்டுக் காலம் கண்காணிக்கப்பட்டார்கள். கருவிழியில் கீறல் பட்டு, புண் தோன்றுமுன் வந்தவர்களுக்குக் கிராமத்தில் பயிற்சி பெற்ற ஊழியர்களே குளோராம்பெனிகால் என்னும் களிம்பை நாளுக்கு மூன்று வேளையாக மூன்று நாள் இட்டார்கள். 48 மணி நேரத்துக்குள் வந்தவர்கள் 442 பேர். காயம் பட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 18-க்கும் 24-க்கும் இடையில் வந்தவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கு வந்தது. 24 மணி கடந்து 48-க்குள் வந்தவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு மேல் வந்துவிட்டது. கூட்டுறவுக் கடனுக்குத் தவணை தவறினால் அபராத வட்டியோடு போகிறது. இங்கே வட்டி மணிக் கணக்கில் ஏறுகிறது. பிற்பாடு நேபாளத்திலேயே கிராமங்களைப் பிரித்து ஒப்பிட்டு நடத்திய பெரிய ஆய்வில், ஊழியர்களை அமர்த்தியதனால் மட்டும் ஊர் முழுதிலும் புண்ணின் தொகை குறைந்ததாகத் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருந்து இருப்பதும் அடிபட்டவர் உரிய வேளையில் அங்கு வந்து சேர்வதும் ஒன்றல்லவே.

அறுவடைக் களத்துக்குத் தார்ப்பாயும் சாக்கும் வாடகைக்கு விடும் சங்கங்கள், விலை மலிந்த கண்காப்புக் கண்ணாடிகளையும் வைத்திருக்கலாம் என்பது நமது கருத்து. வியர்வையில் மங்குகிறது என்று களத்தில் பலர் குறை சொல்வார்கள், அது உண்மையே. தூற்றும் வேளைக்கும், கதிரடிக்கும் இயந்திரத்தின் முன் நிற்கும் வேளைக்கும் மட்டுமாவது அணியலாம்.

நெசவாளர் சகோதரர்களுக்கு உமியின் தொல்லை இல்லை. அவர்களுக்கு வேறு கவலை உண்டு. பஞ்சுத் தூசியும் சாயமும் கண்ணை உறுத்த, நாள் முழுதும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். துடைக்கும் துண்டோ பட்டறையில் ஆணியில் தொங்கும் ஒரே துண்டு. ஒருவர் கண்வலியோடு வந்தால் ஒரு வாரத்தில் ஆறு தறியும் ஓய்வது இவ்வழியில்தான். 1883-இல் காலரா நோயை ஆராய எகிப்துக்குச் சென்ற ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர், அங்குள்ள மக்களின் பீளையில் ஒரு நுண்ணிய பாக்டீரியாவைக் கண்டார். மூன்றாண்டுகளுக்குப் பின் நியூயார்க்கில் வீக்ஸ் என்பவர் அதையே ஆராய்ந்தார். கண்ணிலிருந்து கண்ணுக்குத் தாவும் கண்வலியை உண்டாக்கும் இக்கிருமி இருவர் பெயராலும் வழங்கியது. விரலும் துணியும், கண்ணோரத்தை மொய்க்கும் சிறு ஈயும் இதற்கு வாகனங்கள்.

நாம் "மெட்ராஸ் ஐ" என்று பேர் சொல்லி அழைப்பது பெரும்பாலும் பாக்டீரியாவினால் வருவதன்று. அதைவிடச் சிறிய வைரஸினால் வருவது. பாக்டீரியாவைக் கொல்லும் சொட்டு அதற்குப் பயன்படாது. பெரும்பாலும் தானே அடங்கும். ஆனால் பரவும் வழி ஒன்றே: கையும் துண்டும் தலையணையும். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது வெறும் வழக்கு.

துணியினாலும் ஈயினாலும் பரவும் இன்னொரு நோய் டிரக்கோமா. இமையின் உட்புறத்தைக் கரடுமுரடாக்கி, மயிரை உள்நோக்கித் திருப்பி, அம்மயிர் கருவிழியை உராய்ந்து உராய்ந்தே குருடாக்குவது. தமிழ்நாட்டைவிடப் பஞ்சாப், ராஜஸ்தான் போன்ற வறண்ட வடபகுதிகளில் இதன் கொடுமை மிகுதியாக இருந்தது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையினின்று இந்தியா இதை ஒழித்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில் அறிவித்தது. தென்கிழக்கு ஆசியப் பகுதியில் நேபாளத்துக்கும் மியன்மாருக்கும் அடுத்தபடி நாமே. மருந்தோடு, முகம் கழுவத் தண்ணீர் கிடைத்ததும் இதற்கு ஒரு காரணம்.

பிறக்கும் வேளையிலேயே தாயிடமிருந்து குழந்தையின் கண்ணில் கிருமி தொற்றுவதும் உண்டு. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கிரெடே என்னும் மருத்துவர், பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு இட்டு, நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்த அந்நோயை ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்ததை 1881 முதல் வெளியிட்டார். இன்று வேறு மருந்துகள் வந்துவிட்டன. பிறந்த சில நாட்களில் குழந்தையின் இமை வீங்கிச் சீழ் வடிந்தால் அன்றே மருத்துவமனைக்கு எடுத்துச்செல்ல வேண்டும்.

கடைசியாக, நாம் சந்தேகிக்கவே சந்தேகியாத ஓர் இடம் இருக்கிறது. மருந்துப் புட்டியே அது. உத்தரப் பிரதேசத்தில் குர்ஜா என்னும் ஊரில் 1986-இல் நடந்த கண் சிகிச்சை முகாமில் அறுவை செய்துகொண்டவர்களில் 84 பேர் கண்ணை இழந்தார்கள். கண்ணைக் கழுவப் பயன்படுத்திய உப்புநீரில் கிருமி இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று 1989-இல் தீர்ப்பாயிற்று. இன்னும் அண்மையில், 2023-இல், அமெரிக்காவில் 18 மாநிலங்களில் 81 பேருக்கு, எம்மருந்துக்கும் எளிதில் அடங்காத ஒருவகைச் சூடோமோனாஸ் தொற்றியது கண்டறியப்பட்டது. நால்வர் இறந்தனர், 14 பேர் பார்வை இழந்தனர், நால்வரின் கண்விழியையே அகற்ற வேண்டியதாயிற்று. பலர் பயன்படுத்தியது கண் வறட்சிக்கு இடும் ஒரு செயற்கைக் கண்ணீர் மருந்து. திறந்த புட்டிகளைச் சோதித்ததில் அதே கிருமி கிடைத்தது. அம்மருந்து தயாரானது சென்னையை அடுத்த ஒரு தொழிற்சாலையில் என்பது நமக்குத் தலைகுனிவான செய்தி. அந்தப் புட்டியில், திறந்த பிறகு கிருமி வளராமல் தடுக்கும் பொருள் சேர்க்கப்படவில்லை.

ஆலையில் புகாத கிருமி வீட்டிலும் புகலாம். புட்டியின் நுனி இமையிலோ விரலிலோ பட்டால், அழுத்தம் விட்டதும் புட்டி மூச்சிழுப்பதுபோல் அந்த ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சூடோமோனாஸுக்கு அதற்குமேல் உணவு ஒன்றும் வேண்டுவதில்லை. ஆதலால் நுனி கண்ணில் படாமல் சொட்டு விடுதல், திறந்த தேதியைப் புட்டியின் மேலேயே எழுதிவைத்தல், ஒரு மாதம் கடந்ததைக் கொட்டிவிடுதல், ஒருவர் மருந்தை மற்றவர்க்கு இடாமை ஆகியவற்றை வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் ஒப்படைத்தால், அவர்கள் நம்மைவிடக் கண்டிப்பாகச் செய்வார்கள்.